மனசுக்குள் ஓயாமல் திட்டும் குரலும் மரத்தடியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையில் மரம், பறவை பார்க்கப் போகும் ஒரு சின்னக் குழுவில் நான் இருக்கிறேன். நடை முடிந்து டீக்கடையில் நிற்கும்போதுதான் உண்மையான கேள்விகள் வரும். "இங்க வந்தா மட்டும் மண்டைக்குள்ள அந்த நச்சரிப்பு கொஞ்சம் அடங்குது, ஏன்?" என்று ஒருவர் ஆரம்பிப்பார், இன்னொருவர் "எனக்கு அடங்கவே இல்லையே" என்பார், அப்புறம் டீ ஆறும் வரை அதுதான் பேச்சு. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, ஆலோசகரும் இல்லை. டாக்டரிடம் போக வேண்டியது எப்போது என்பது கடைசிக்கு முந்தைய பதிலில் இருக்கிறது, அவசரம் என்றால் முதலில் அதைப் படித்துவிடுங்கள்.

எல்லாருக்கும் மனசுக்குள்ள ஏதோ ஓடிக்கிட்டுத்தானே இருக்கும்? இதுல நெகட்டிவ் செல்ஃப் டாக்னு தனியா என்ன இருக்கு?

ஓடத்தான் செய்யும். 2010-ல் ஹார்வர்டைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் போன் வழியாக அவ்வப்போது "இப்போ என்ன செய்றீங்க, மனசு எங்க இருக்கு" என்று கேட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய 47 சதவீத நேரம் கையிலிருக்கும் வேலையில் மனசு இல்லை. நாளைக்கு என்ன குழம்பு என்று யோசிப்பதும் அதில் அடக்கம், அதனால் யாருக்கும் கெடுதல் கிடையாது.

இங்கே பேசுவது வேறு ரகம். மீட்டிங்கில் ஒரு புள்ளிவிவரத்தைத் தப்பாகச் சொல்லியிருப்பீர்கள், பக்கத்து சீட்டுக்காரருக்கு அது ஞாபகம்கூட இருக்காது, உங்களுக்கு மட்டும் ராத்திரி பல் தேய்க்கும்போது "வாயைத் திறந்தாலே உளறல்தான், உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை" என்று ஓடும். நடந்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்து, ஆளைப் பற்றிய தீர்ப்பில் போய் முடியும், மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்கும். 1960-களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மனச்சோர்வில் இருந்தவர்களிடம் இதைக் கவனித்து 'தானியங்கி எண்ணங்கள்' என்று சொன்னார். நாம் கூப்பிடாமல் வரும், சட்டென்று வரும், வந்த வேகத்தில் உண்மை மாதிரியே இருக்கும்.

நல்லதையே நினைன்னு சொன்னா போதாதா? எதுக்கு மைண்ட்ஃபுல்னஸ், அது இதுன்னு?

போதும் என்றால் இந்நேரம் அந்தக் குரல் அடங்கியிருக்கும். "அதை நினைக்காதே" என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் ஒரு பரிசோதனையில் சிலரிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்க வேண்டாம் என்றார், கரடி வந்துகொண்டே இருந்தது. நினைக்கலாம் என்று அனுமதி கொடுத்த பிறகு, முதலில் அடக்கிப் பார்த்தவர்களுக்கு அது இன்னும் அதிகமாக வந்தது. கண்ணாடி முன்னால் நின்று "நான் திறமைசாலி, நான் திறமைசாலி" என்று சொல்லிக்கொள்வதிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. சொல்லி முடிக்கும் முன்னால் உள்ளே இருப்பவர் "யாரு, நீயா?" என்பார்.

ஆடி மாதத்தில் தெருமுனை அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடிகாலையிலேயே ஆரம்பித்துவிடும். அதை நிறுத்தச் சொல்லிச் சண்டைக்குப் போகவும் முடியாது, பாட்டு ஓடவில்லை என்று பாவனை செய்யவும் முடியாது, ஆனால் அது ஓட ஓடவே நீங்கள் மாவு கரைத்து, தோசை ஊற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறீர்கள். மைண்ட்ஃபுல்னஸ் என்று இங்கே நான் சொல்வது அவ்வளவுதான். குரல் ஓடுகிறது என்று தெரிந்தும், கவனத்தை இப்போது கண்முன் இருக்கும் ஒன்றில் வைப்பது.

சரி, மரத்தடிக்குப் போய் சரியா என்னதான் செய்யணும்?

போனதும் நிற்க வேண்டாம், முதலில் கொஞ்ச தூரம் சாதாரணமாக நடங்கள். வீட்டு வேகம் காலில் இருக்கும், அது குறைய ஐந்து நிமிடமாவது ஆகும். அப்புறம் ஓரிடத்தில் நில்லுங்கள், உட்கார்ந்தாலும் சரி. முதலில் காது. உங்களுக்குக் கேட்பதிலேயே ரொம்பத் தூரத்துச் சத்தம் எது? ரயிலாக இருக்கலாம், பருந்தாக இருக்கலாம். ரொம்பக் கிட்டத்துச் சத்தம் எது? பெரும்பாலும் உங்கள் செருப்பு அல்லது மூச்சு. இரண்டுக்கும் நடுவில் என்னென்ன இருக்கின்றன? கண்ணை முதலில் பயன்படுத்தினால் "அழகா இருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு மனசு பழைய இடத்துக்கு ஓடிவிடும், காதுக்கு அப்படி முடிக்கத் தெரியாது.

பிறகு ஒரே ஒரு பொருளைப் பாருங்கள். புங்கமரத்தடி என்றால் ஒரு இலையை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்புறம் எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கும், சில இலைகளில் பச்சையாக விரல் நுனி மாதிரி முடிச்சுகள் புடைத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப் பேன் உள்ளே குடியிருப்பதால் இலை தானே கட்டிக்கொடுத்த வீடு அது. எத்தனை முடிச்சு, எந்தப் பக்கம் அதிகம், தடவினால் எப்படி இருக்கிறது? இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே "அந்த மெயிலுக்கு இன்னும் பதில் போடல, சோம்பேறி" என்று வரும். வந்தால் "ஆ, திட்டு வந்தாச்சு" என்று மனசுக்குள் ஒரு பெயர் வையுங்கள், பதில் சொல்லாதீர்கள், இலைக்குத் திரும்புங்கள். மறுபடி வரும், மறுபடி திரும்புங்கள். பயிற்சி என்பது அந்தத் திரும்புவதுதான், நூறு தடவை திரும்பினால் நூறு தடவை பயிற்சி நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரூம்லயே கண்ண மூடி மூச்சைக் கவனிச்சா ஆகாதா? எதுக்கு வெளியில போகணும்?

தாராளமாக ஆகும். ஜான் கபாட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் நாள்பட்ட வலிக்காரர்களுக்கு மைண்ட்ஃபுல்னஸைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது பெரும்பாலும் அறைக்குள்தான் நடந்தது. ஆனால் தன்னைத் தானே திட்டிக்கொள்கிறவர்களுக்குக் கண்ணை மூடி உட்காருவது கடினமான ஆரம்பம் என்பது என் அபிப்பிராயம். கண்ணை மூடினால் அங்கே இருப்பது நீங்களும் அந்தக் குரலும் மட்டும்தான்.

வெளியே மரம், எறும்பு, காற்று எல்லாம் கவனத்தைத் தானாகவே கொஞ்சம் இழுக்கின்றன, ஆனால் போன் மாதிரிப் பிடித்துவைத்துக்கொள்வதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல், ஸ்டீபன் காப்ளன் தம்பதி இதைப் பல வருடம் ஆராய்ந்தவர்கள். முயற்சி எடுத்துச் செலுத்தும் கவனம் களைத்துப்போகும், இயற்கை மாதிரி மென்மையாக ஈர்க்கும் இடங்களில் அது ஓய்வெடுத்துத் தேறும் என்பது அவர்கள் வாதம். 2015-ல் கிரெகரி பிராட்மன் குழுவினர் ஸ்டான்ஃபோர்டில் 38 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஓக் மரப் புல்வெளியிலும் மறுபாதியை வண்டிகள் ஓடும் பெரிய சாலையோரமும் 90 நிமிடம் நடக்கவிட்டார்கள். புல்வெளிக்காரர்களுக்கு, தன்னைப் பற்றிய பழசையே அரைக்கும் பழக்கத்தின் மதிப்பெண் குறைந்தது, அதோடு தொடர்புள்ள முன்மூளைப் பகுதி ஒன்றின் இயக்கமும் குறைந்தது. சாலைக்காரர்களுக்கு அப்படி இல்லை. கவனியுங்கள், யாருக்கும் தியானம் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, சும்மா நடந்தார்கள். 38 பேர், அதுவும் மனநோய் எதுவும் இல்லாதவர்கள், ஆகவே இதை வைத்து உலகத்துக்கே மருந்து என்று சொல்ல முடியாது. ஆனால் வேலையில் ஒரு பங்கை இடமே செய்துவிடுகிறது என்று நம்ப இடம் இருக்கிறது.

எங்களுக்கு ஏதுங்க காடும் மலையும்? நான் இருக்கறது வேளச்சேரில மூணாவது மாடி.

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். காடு வேண்டாம். வேளச்சேரியிலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் கூப்பிடு தூரம், உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம், சாலையோரம் நின்றாலே கொக்கும் நாமக்கோழியும் தெரியும். கிண்டியில் ஊருக்கு நடுவே தேசியப் பூங்கா இருக்கிறது, சுற்றுச்சுவருக்கு இந்தப் பக்கம் சிறுவர் பூங்கா. கோவைக்காரர்களுக்கு உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர் குளம். மதுரை என்றால் கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக் குளமும் ஆலமரமும், கொஞ்சம் தள்ளிப் போக முடிந்தால் அரிட்டாபட்டி.

இது எதுவுமே முடியாத நாளில் தெருவில் ஒரு மரம் போதும். எதுவென்று ஒன்றை முடிவு செய்து அதையே தொடர்ந்து பாருங்கள், ஊர் ஊராகச் சுற்றுவதைவிட இது நல்லது. பூவரசு கிடைத்தால் அதிர்ஷ்டம்: காலையில் வெளிர் மஞ்சளாக இருக்கும் பூ சாயங்காலத்துக்குள் சிவப்பேறிவிடும், ஒரே நாளில் இரண்டு தடவை போனால் கண்ணாலேயே பார்க்கலாம். தூங்குமூஞ்சி மரம் பொழுது சாயும்போது இலையை மடிக்கும். அரசமரம் இருக்கிறதென்றால், மற்ற மரமெல்லாம் அசையாமல் நிற்கும்போதும் அதன் இலை மட்டும் சலசலக்கும்.

மாடியை விட்டு இறங்கவே முடியாது, படுக்கையில் இருக்கிறேன் என்கிறவர்களுக்கு ஜன்னல். 1984-ல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு பிரபலம். பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை முடிந்த நோயாளிகளில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகக் கேட்டார்கள்.

எவ்வளவு நேரம்? டெய்லி போகணுமா?

இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் பதில்களை வைத்து 2019-ல் வந்த ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையோடு கழித்தவர்கள் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகமாக இருந்தது, ஒரேயடியாகப் போனாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் வித்தியாசம் தெரியவில்லை. இதனால்தான் அது என்று அடித்துச் சொல்ல முடியாத வகை ஆய்வு அது, ஏற்கெனவே நன்றாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்னவோ. ஆனாலும் ஒரு கைக்கணக்குக்கு உதவும். தினம் கால் மணி, ஞாயிறு அரை மணி என்றால் வந்துவிட்டது. ஒரு வாரம் விட்டுப்போனால் விட்டுப்போகட்டும், அதற்கும் ஒரு திட்டு வேண்டாம்.

போன் கொண்டு போலாமா? பறவை பேர் பாக்கணும், போட்டோ எடுக்கணும்…

பாதுகாப்புக்குப் பையில் இருக்கட்டும், கையில் வேண்டாம். பெயர் தெரிந்துகொள்வது நல்ல விஷயம்தான், ஆனால் வீட்டுக்கு வந்து பாருங்கள். பறவையின் முதுகு என்ன நிறம், வால் எவ்வளவு நீளம், தரையில் நடந்ததா தத்தியதா என்று நினைவில் வைத்துக்கொண்டு வரவேண்டியிருப்பதாலேயே நன்றாகப் பார்ப்பீர்கள். செம்போத்தை ஒரு தடவை அப்படிப் பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது: கரிய உடம்பு, செங்கல் நிற இறக்கை, ரத்தச் சிவப்பில் கண், காக்கை அளவு இருந்துகொண்டு புதருக்குள் திருடன் மாதிரி நடந்துபோகும்.

செல்ஃபி பற்றி ஒரு சுவாரசியமான சங்கதி உண்டு. 2020-ல் வெளியான ஒரு கலிஃபோர்னிய ஆய்வில் வயதானவர்களை எட்டு வாரம், வாரம் ஒரு பதினைந்து நிமிட நடைக்கு அனுப்பினார்கள். ஒரு குழுவிடம் மட்டும் எதையும் புதிதாக, வியப்போடு பாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். எல்லோரும் எடுத்த செல்ஃபிகளைப் பிறகு அளந்தபோது, வியப்பு நடைக்காரர்களின் படங்களில் வாரம் போகப் போக அவர்கள் உருவம் சின்னதாகவும், பின்னால் இருக்கும் உலகம் பெரிதாகவும் ஆகியிருந்தது, புன்னகை மட்டும் கூடியிருந்தது. எனக்கு மிகப் பிடித்த ஆய்வு இது. படம் எடுத்தே தீருவேன் என்றால் கிளம்பும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று.

நம்ம ஊர் வெயில்ல யாருங்க போறது? கொசு வேற.

ஐந்தரைக்குப் போங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஏழரைக்கு மேல் நானும் போவதில்லை. கொசுவுக்கு முழுக்கைச் சட்டை, வேப்பெண்ணெய் கலந்த தேங்காயெண்ணெய், சாயங்காலமானால் தண்ணீர் தேங்கிய இடத்துப் பக்கம் போகாமல் இருப்பது. வெயில் காலத்துக்கென்றே ஒரு சௌகரியமும் உண்டு, மதியத்தில் மற்ற பறவைகள் அடங்கிவிட, குக்குறுவான் மட்டும் உச்சிக் கிளையில் உட்கார்ந்து குக்… குக்… குக்… என்று ஒரே சீராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். ஆபீஸ் ஜன்னலிலிருந்தே கேட்கலாம். மூச்சைக் கவனிக்கப் பிடிக்காதவர்களுக்கு அந்தச் சத்தமே போதும்.

பொண்ணுங்க தனியா ஒரு மரத்தடில பத்து நிமிஷம் நிக்க முடியுமா இந்த ஊர்ல?

நியாயமான கேள்வி. "தைரியமா போங்க" என்று சொல்வது சுலபம், நிற்பவருக்குத்தான் தெரியும். யாராவது பார்க்கிறார்களா என்று முதுகைக் காத்துக்கொண்டே இலையைக் கவனிக்க முடியாது, கவனிக்காததற்கு உங்கள்மேல் குற்றமும் இல்லை. அதனால் இடம்தான் முக்கியம். காலை நடைக்காரர்கள் நிறைய வரும் பூங்கா, கல்லூரி வளாகம், கோயில் நந்தவனம், அடுக்குமாடி வளாகத்துக்குள் இருக்கும் மரம், மொட்டைமாடித் தொட்டி. இரண்டு பேராகப் போய், பேசாமல் பத்தடி தள்ளி நிற்பது பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்கினால் "யாருக்காக நிக்கறீங்க" என்ற கேள்வி பாதியாகக் குறையும் என்று எங்கள் குழுவில் வரும் பெண்கள் சொல்கிறார்கள்.

முயற்சி பண்ணிப் பாத்துட்டேன். மரத்தைப் பாத்துக்கிட்டே என்னைத் திட்டிக்கிட்டு நின்னேன். இதைக்கூட ஒழுங்கா செய்ய வரல.

கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அந்தக் குரல் உங்களோடு பூங்காவுக்கும் வந்து, இப்போது உங்கள் தியானத்துக்கு மார்க் போட ஆரம்பித்திருக்கிறது. ஆரம்பிக்கிற எல்லோருக்கும் இது நடக்கும். இதையும் "திட்டு வந்தாச்சு" கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள், மூன்றாவது பதிலில் சொன்ன மாதிரிதான்.

அப்படியும் பிடி விடவில்லை என்றால் இரண்டு வழி. ஒன்று, கைக்கு வேலை கொடுப்பது: மண்ணைத் தொடுவது, விழுந்த பூவைப் பொறுக்குவது, பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி செய்வது (சிரிக்காதீர்கள், சத்தம் வரும்வரை சுருட்டினால் வேறெதுவும் நினைவுக்கு வராது). இன்னொன்று, உங்களை நீங்களே பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவது. "நான் ஏன் இப்படி இருக்கேன்" என்பதற்குப் பதில், உங்கள் பெயரைச் சொல்லி, "இப்போ உனக்கு என்ன பிரச்சினை, சொல்லு" என்று தோழரிடம் கேட்பது போல. ஈதன் க்ராஸ் என்ற மிச்சிகன் உளவியலாளரின் 2014 ஆய்வில், பெயர் சொல்லித் தன்னோடு பேசியவர்கள் பதற்றமான சூழலை நிதானமாகச் சமாளித்தார்கள், முடிந்தபின் அதையே போட்டு அரைப்பதும் குறைவாக இருந்தது.

இயற்கைகிட்டருந்து பாடம் கத்துக்கலாமா? எறும்பு மாதிரி உழைக்கணும், மரம் மாதிரி நிமிந்து நிக்கணும்னு…

வேண்டாமே. இந்த நேரத்துக்கு மட்டுமாவது வேண்டாம். எறும்பைப் பார்த்து "அது எவ்வளவு சுறுசுறுப்பு" என்று ஆரம்பித்தால் அடுத்த வரி "நானும் இருக்கேனே" என்றுதான் வரும். முசுறு எறும்புகள் மாமரத்து இலைகளை இழுத்துச் சேர்த்துக் கூடு கட்டுவதை உற்றுப் பார்த்தால், ஒரு வரிசை எறும்புகள் இலை ஓரத்தைக் கடித்துப் பிடித்திருக்க, இன்னொரு வரிசை தங்கள் புழுக்களை வாயில் தூக்கிக்கொண்டு வந்து, அந்தப் புழுவிலிருந்து வரும் இழையால் தைக்கும். இதில் உங்களுக்கான அறிவுரை எதுவும் கிடையாது. உங்களைப் பற்றிய எதுவுமே அங்கே இல்லை என்பதால்தான் அங்கே போகச் சொல்கிறேன்.

என்னை நானே திட்டிக்கிட்டதாலதான் இவ்ளோ தூரம் வந்தேன். அது போயிட்டா சோம்பேறி ஆயிடமாட்டேனா?

ஐடி வேலையில் இருப்பவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் தவறாமல் கேட்பது. அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம், அது உள்ளே நன்றாக இறங்கியிருக்கிறது. ஆனால் 2012-ல் கலிஃபோர்னியாவில் பிரைன்ஸ், சென் இருவரும் செய்த பரிசோதனை ஒன்றில், கடினமான சொல் தேர்வில் சறுக்கிய மாணவர்களில், தங்கள்மேல் கொஞ்சம் பரிவோடு இருக்கச் சொல்லப்பட்டவர்கள்தான் அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தார்கள். யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. தப்பு செய்தால் உதை நிச்சயம் என்று தெரிந்த பையன் விடைத்தாளையே வீட்டுக்குக் கொண்டுவர மாட்டான், எங்கே தப்பு என்று எப்படிப் பார்ப்பான்?

இவ்வளவு தூரம் வந்தது உங்கள் உழைப்பால். கூடவே ஒரு சத்தமும் வந்தது.

அந்தக் குரல் சொல்றது நிஜமா இருந்தா?

சில சமயம் நிஜம்தான். அம்மாவுக்குப் போன் செய்யவில்லை, கடனைச் சொன்ன தேதியில் திருப்பவில்லை, குழந்தையை வீணாக அடித்தோம். இதையெல்லாம் குக்குறுவான் சத்தத்தில் கரைத்துவிட்டு வரச் சொல்லவில்லை, அது தப்பித்தல்.

பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கஷ்டம் கிடையாது. உபயோகமான கண்டிப்பு ஒரு செயலைச் சொல்லும், எப்போது நடந்தது என்று சொல்லும், இனி என்ன செய்யலாம் என்பதும் அதற்குள்ளேயே இருக்கும். மற்றது "எப்பவும்", "எதுவுமே", "உன்னை மாதிரி ஆளுங்க" என்று பேசும், அடுத்து செய்ய ஒன்றும் தராது. முதல் வகை வந்தால் நடை முடிந்ததும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு அன்றைக்கே ஒரு அடி எடுத்து வையுங்கள். இரண்டாவது வகையோடு வாதாட வேண்டாம். நீங்கள் நல்லவர் என்று நிரூபிக்கக் கூப்பிட்ட நீதிமன்றம் எதுவும் அங்கே இல்லை.

உண்மையைச் சொல்லணும்னா, அது அப்படியே எங்கப்பா குரல்.

இல்லை, டீச்சர் குரல், மாமியார் குரல், பெரியண்ணன் குரல். டீக்கடையில் ஒருவர் இதைச் சொன்னதும் சட்டென்று நாலு பேர் தலையாட்டினார்கள். "உருப்பட மாட்டே", "சோத்துக்குத் தண்டம்" என்று யார் வாயிலிருந்து எந்த வயதில் கேட்டோமோ, அவர்கள் ஓய்ந்த பிறகும் தொனி தங்கிவிடுகிறது. அது யாருடைய குரல் என்று தெரிவது நல்லதுதான். "இது அப்பா பேசுறது" என்று தெரிந்தால், அது நம் சொந்தக் கருத்து மாதிரி அமர்வது குறையும்.

அவரை மன்னிக்க வேண்டுமா, அவரிடம் போய்ப் பேச வேண்டுமா என்றெல்லாம் மரத்தடியில் தீர்மானிக்க வேண்டாம். அது பெரிய விஷயம், நல்ல ஆலோசகர் ஒருவரோடு உட்கார்ந்து பேசத் தகுந்தது.

சும்மா நின்னா எனக்கு இன்னும் மோசமாகுது. நெஞ்சு படபடங்குது.

அப்படியானால் நிற்காதீர்கள். எல்லோருக்கும் அமைதி நல்லது செய்யும் என்பது பொய். பெரிய அடி, விபத்து, வன்முறை பார்த்தவர்களுக்குச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் பழைய காட்சிகள் மேலே வரும், தியானத்தால் பதற்றம் கூடியவர்கள் இருக்கிறார்கள் என்பதை ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், நடந்துகொண்டே இருங்கள், கூட ஒருவர் இருக்கட்டும், செய்ய ஏதாவது வேலை இருக்கட்டும். தவிட்டுக்குருவிக் கூட்டத்தில் எத்தனை என்று எண்ணுவது நல்ல வேலை, ஒன்று போனதும் இன்னொன்று போகும், எப்போதும் கணக்கு தப்பும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் களை பிடுங்குவதும் இதே பலனைத் தரும். அப்படியும் கூடிக்கொண்டே போனால் விட்டுவிடுங்கள், அடுத்த கேள்விக்கு அடுத்ததைப் படியுங்கள்.

ராத்திரி மூணு மணிக்குத்தான் அது உச்சத்துல இருக்கு. அப்ப எந்தப் பூங்காவுக்குப் போறது?

மூன்று மணிக்கு மனசு எடுக்கும் எந்த முடிவையும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுங்கள். ஜன்னலைத் திறந்து, தூரத்துச் சத்தம் கிட்டத்துச் சத்தம் பயிற்சியைப் படுத்துக்கொண்டே செய்யுங்கள். மழை பெய்த ராத்திரி என்றால் தவளை, மற்ற நாளில் சில்வண்டு, நாய், எங்கோ ஒரு லாரி, பழைய மரங்கள் உள்ள தெருவென்றால் புள்ளி ஆந்தையின் கிரீச்சிடல். நாலு, நாலரை ஆனதும் கரிச்சான் ஆரம்பித்துவிடும், காக்கைக்கும் முன்னால். தூக்கம் வந்தால் லாபம், வராவிட்டாலும் அந்த ஒரு மணி நேரம் திட்டு வாங்காமல் போயிருக்கும். வாரக்கணக்கில் தூக்கமே இல்லை என்றால் அது வேறு விஷயம்.

நான் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கறேன். இதை ஆரம்பிச்சா மாத்திரைய விட்டுடலாமா? டாக்டர்கிட்ட எப்ப போகணும்?

விடக் கூடாது. குறைப்பதோ நிறுத்துவதோ எழுதிக்கொடுத்த டாக்டர் சொல்லித்தான். மரத்தடியையும் மாத்திரையையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம், ஒன்றுக்கொன்று சண்டை இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாள் மனம் தளர்ந்தே இருக்கிறது, பிடித்ததில்கூட நாட்டம் இல்லை, தூக்கமோ பசியோ கெட்டுவிட்டது, குளிப்பதே பெரிய வேலையாக இருக்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள், நடையைச் சாக்காக வைத்துத் தள்ளிப்போட வேண்டாம். குரல் உங்கள் எண்ணமாக இல்லாமல், வெளியே யாரோ பேசுவது மாதிரி காதில் கேட்டால், அல்லது எதையாவது செய்யச் சொல்லி ஏவினால், உடனே. குழந்தை பெற்ற சில வாரங்களில், மாதங்களில் "நான் மோசமான அம்மா" என்று ஓயாமல் ஓடினாலும் சொல்லத் தயங்காதீர்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே யாரிடமாவது சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-க்கும் கூப்பிடலாம்.

எம்பொண்ணு ப்ளஸ் டூ. மார்க் குறைஞ்சா "நான் வேஸ்ட்"னு தானே சொல்லிக்கறா. அவளையும் கூட்டிட்டுப் போலாமா?

கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் இது சிகிச்சை என்று சொல்லாதீர்கள். சொன்னால் அவளுக்கு அது இன்னொரு டியூஷன். பால் வாங்க, இளநீர் குடிக்க, நாயைக் கூட்டிக்கொண்டு போக என்று ஏதாவது ஒரு சாக்கில் மரங்கள் உள்ள பக்கமாகப் போய்வாருங்கள். நடக்கும்போது மார்க், நீட், பெரியப்பா மகன் எதையும் எடுக்க வேண்டாம். "இப்போ எப்படி இருக்கு, ரிலாக்ஸா இருக்கா?" என்று கேட்கவும் வேண்டாம், தன்னையே மறுபடி சோதித்துப் பார்க்க வைக்கும் கேள்வி அது. "அது என்ன சத்தம்?" என்று கேளுங்கள். கையிலோ காலிலோ காயம் தெரிந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ மேலே உள்ள பதில்தான், நடை பிறகு.

பொங்கல் லீவில் தமிழ்நாடு முழுக்க 2015-லிருந்து பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்ட, காதில் கேட்ட பறவைகளை எழுதி, இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும், மொட்டைமாடியிலிருந்தே செய்யலாம். பட்டியலை அவள் எழுதட்டும். உங்களுக்குப் பறவைப் பெயர் தெரியாது என்றால் அதுவும் வசதிதான், அவள் கண்டுபிடித்து உங்களுக்குச் சொல்வாள்.